மேலே தெரியும்படி

நான் நீரோடிக்காரன்,
தேங்காப்பட்டணத்தில் படகுக்கு நம்பர் எழுதுகிறவன்.
எழுத்துக்கு இருபது ரூபாய், எண்ணுக்கும் அதே.
மாதாவின் முகம் கேட்டால் தனிக்கணக்கு.
இத்தனை வருஷமும் பக்கவாட்டில்தான் எழுதினேன்.
பார்க்கிறவன் கரையில் நின்று பார்ப்பான், அவனுக்கு அது போதும்.

செவ்வாய்க்கிழமை பனியடிமை வந்து
வீல்ஹவுஸ் கூரையைக் காட்டினான்.
"இதில எழுது ஓய். பெரிசா.
மேலேருந்து பாத்தா தெரியணும்."

அந்த வீடியோவை அவனும் பார்த்திருந்தான்.
எங்கோ ஒரு கடல், சாம்பல்.
ஒரு படகு, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு.
பிறகு, படகு இருந்த இடம்.
சத்தம் இல்லை.
ஃபோன் கெட்டுவிட்டதோ என்று
நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

பொழிக்கு அந்தப் பக்கம், சுகதனின் சாயாக்கடை டிவியில்
நாலு சதுரத்தில் நாலு தலை.
போதையும் ஒரு போர்தான் என்கிறார் கோட்டுக்காரர்.
வக்கீலம்மா கேட்கிறாள்:
பிடித்து, சோதித்து, கோர்ட்டில் நிறுத்த முடியாமல்
அப்படி என்ன அவசரம்?
நம் கடலிலும் இந்தத் துணிச்சல் வேணும் என்று
மூன்றாவது தலை சொன்னதும்
கடையில் பாதிப்பேர் கைதட்டினார்கள்.
தட்டியவர்களில் ரெண்டு பேருக்கு
நம்பர் எழுதியது நான்தான்.

பனியடிமை கணக்குச் சொன்னான்.
நாப்பது நாள் தங்கலுக்கு டீசல் கேன் நூற்றிருபது,
எல்லாம் நீலம், எல்லாம் மூடி கட்டினது.
ஆள் பத்து.
லட்சத்தீவு தாண்டினால் சில ராத்திரி
பேட்டரிக்காக லைட்டையும் அணைப்பார்கள்.
"ஆகாசத்திலேருந்து பாக்கிறவனுக்கு
நாங்க யாரு?"

பெயிண்ட் வாங்க மேபலின் கடைக்குப் போனேன்.
அவள் மகன் டெனிஸ், இருபத்திரண்டு.
களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு கக்கூசில்
கதவை உடைத்து எடுத்தார்கள்,
போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.
சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை,
ஊறுகாய்ப் பொட்டலம் அளவுகூட இல்லை.
"அது எதில வந்துது? படகிலதானே," என்றாள்.
"முக்கட்டும். எவன் இருந்தாலும் முக்கட்டும்."
வக்கீலம்மாவிடம் இதற்கு ஒரு பதில் இருந்திருக்கும்.
நான் கறுப்பு நாலு லிட்டர் கேட்டேன், வெள்ளை ரெண்டு.

யாருக்கு என்றாள்.
பனியடிமை போட்டுக்கு.
அதில் அவள் தம்பிதான் ஸ்ராங்கு.
பில்லைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.
பிறகு மேல்தட்டிலிருந்து இன்னொரு டப்பா,
ஆரஞ்சு, இருட்டிலும் மினுங்குமாம்.
காசு வேண்டாம் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

என்ன எழுதுவது?
நம்பரை அவ்வளவு உயரத்தில் எவன் வாசிப்பான்.
"மீன்"னு போடலாம் என்றான் பனியடிமை.
எந்த எழுத்தில்?
பொழி தாண்டினாலும் மீன் மீன்தான், எழுத்துதான் வேறு.
வலை இழுக்கிற ஒடிசாப் பையன் உதய்நாத்
படம் வரை அண்ணா என்றான்.

வரைந்தேன். பதினோரு அடிக் கேரை,
சாப்பாட்டுத் தட்டளவு கண்.

கப்பற்படையில் சமையல்காரராக இருந்த ததேயு மாமா
ஏணியில் பாதி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.
"அந்தக் கேமராவுக்கு நிறம் கிடையாது, கேட்டியா.
சூடுதான். எஞ்சின் வெள்ளையாத் தெரியும்.
மனுஷனும்."
அப்போ மீன்?
"ராத்திரி பெயிண்ட் குளிந்துபோகும்லா."

பனியடிமையிடம் இதைச் சொல்லவில்லை.
வாலுக்கு ஆரஞ்சு அடித்தேன், டப்பா காலியாகும்வரை.

மத்தியானம், காய்ந்ததா என்று கறுப்பில் கை வைத்தேன்.
சுட்டது. பக்கத்து வெள்ளை அவ்வளவு சுடவில்லை.
ஆக, பகலில் தெரியும்.
வெயில் இருந்தால்.
பார்க்கிறவனுக்குப் பார்க்க மனமிருந்தால்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் போனார்கள், தூறலில்.
அலைத்தடுப்புக் கல்லில் நின்று பார்த்தேன்,
கரையிலிருந்து கூரை தெரியாது.
கொஞ்சம் தள்ளி மேபல்,
டெனிஸின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு.
கை நீளம்.
ரெண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள்.